டென்ஹாம் தையற்காரர் வீட்டில் ஆறு ஞாயிறு இரவுகள்

ஒரு சாதாரண மனிதனைப் பற்றி அரசாங்கம் எழுதிவைக்கும் மிகச் சிறிய வரலாறு எது? மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவன் பெயருக்கு எதிரே உள்ள ஒரு வரி என்பேன். பெயர், வயது, தொழில், பிறந்த ஊர், அவ்வளவுதான். ஆனால் பத்தாண்டுக்கு ஒரு வரியாக ஆறு வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் படித்தால் ஒரு குடும்பம் வளர்வதும், பிரிவதும், ஊரை விட்டுப் போவதும் தெரிந்துவிடுகிறது.

ரயில்வேயில் முப்பத்தெட்டு வருஷம் ரிஜிஸ்டர்களோடு குப்பை கொட்டியவன் நான். கேங்மேன்களின் மஸ்டர் ரோல், பாலங்களின் பரிசோதனைப் புத்தகம், சர்வீஸ் ஷீட் என்று எத்தனையோ பார்த்தாயிற்று. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. ஸ்காட்லாந்தில் விக்டோரியா மகாராணி காலத்துக் கணக்கெடுப்பு ஏடுகள் எப்படி எழுதப்பட்டன என்று படிக்க ஆரம்பித்தவன், அதிலேயே மூழ்கிவிட்டேன். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு அதில் நிறைய இருக்கிறது. எனவே இந்தக் கட்டுரை.

கணக்கெடுப்பு நடந்த விதம்

பிரிட்டனில் பத்தாண்டுக்கு ஒருமுறை தலை எண்ணும் வழக்கம் 1801-ல் தொடங்கியது. முதல் நான்கு முறையும் எண்ணிக்கைதான் முக்கியம். ஒவ்வொருவர் பெயரையும் நாடு முழுவதும் எழுதியது 1841-ல்தான். விக்டோரியாவின் ஆட்சிக்குள் விழுந்த கணக்கெடுப்புகள் மொத்தம் ஆறு: 1841 ஜூன் 6, 1851 மார்ச் 30, 1861 ஏப்ரல் 7, 1871 ஏப்ரல் 2, 1881 ஏப்ரல் 3, 1891 ஏப்ரல் 5. ஆறும் ஞாயிற்றுக்கிழமை. அந்த இரவு யார் எந்த வீட்டில் தங்கினார்களோ, அந்த வீட்டுக் கணக்கில் அவர்கள் சேர்வார்கள். விருந்தாளி ஆனாலும் சரி, வழிப்போக்கன் ஆனாலும் சரி.

முந்தின வாரமே வீட்டுக்கு வீடு படிவம் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை வாங்கிக்கொள்வார்கள். எழுதத் தெரியாதவர்களுக்குக் கணக்கெடுப்பாளரே எழுதிக் கொடுப்பார். ஸ்காட்லாந்தின் கிராமங்களில் இந்த வேலை பெரும்பாலும் பள்ளிக்கூட வாத்தியார் தலையில் விழுந்தது. அவர் எல்லாப் படிவங்களையும் ஒரு பெரிய புத்தகத்தில் நகல் எடுத்து அனுப்புவார். குடும்பத்தார் நிரப்பிய மூலப் படிவங்கள் பிற்பாடு அழிக்கப்பட்டுவிட்டன. இன்று எஞ்சியிருப்பது வாத்தியார் எழுதிய நகல் புத்தகம்தான். ஒரு குடும்பம் முடிந்தால் ஒரு சாய்கோடு, ஒரு வீடு முடிந்தால் இரண்டு சாய்கோடு. பிறகு தலைமை அலுவலகத்துக் குமாஸ்தாக்கள் கூட்டிப் பார்க்கும்போது போட்ட பென்சில் டிக்குகள் வயதின் மேலும் தொழிலின் மேலும் விழுந்து எழுத்தை மறைப்பது உண்டு. நம் ஆபீஸ் ரிஜிஸ்டர்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

1861 முதல் ஸ்காட்லாந்தின் கணக்கெடுப்பை எடின்பரோவில் இருந்த அதன் சொந்தப் பதிவுத் துறையே நடத்தியது. நூறு ஆண்டுகள் வரை ஏடுகளை யாருக்கும் காட்டுவதில்லை. அதன் பிறகு எல்லோருக்கும் திறந்துவிடுகிறார்கள். 1921-ஆம் ஆண்டு ஏடு 2022-ல் திறக்கப்பட்டது.

கிராமத்துத் தொழிலாளியின் வீடு

ஸ்காட்லாந்தின் எந்தக் கிராமத்து ஏட்டைப் புரட்டினாலும் பண்ணைக் கூலிகளுக்கு நடுவே சில தொழில்கள் தவறாமல் வரும். கொல்லர், தச்சர், கொத்தனார், செருப்புத் தைப்பவர், நெசவாளி, மாவு அரைப்பவர், தையற்காரர். ஊருக்கு இவர்கள் இல்லாமல் முடியாது. ஆனால் நிலம் இவர்களிடம் இருக்காது. இருந்தால் ஒரு பசுவுக்கும் உருளைக்கிழங்குக்கும் போதுமான துண்டு நிலம். கைத்தொழில்தான் சொத்து.

இவர்கள் வீட்டின் வரிகளைப் படிக்கும்போது வீடும் பட்டறையும் ஒன்றே என்பது புரியும். குடும்பத் தலைவர், மனைவி, பிள்ளைகள் என்று வந்து, அதற்குக் கீழே வேறு குலப்பெயருள்ள பையன் ஒருவன் நிற்பான்: வயது 15 அல்லது 16, தொழில் பழகுகிறவன். அவனுக்குக் கீழே தொழில் கற்று முடித்து நாள்கூலிக்கு வேலை செய்யும் ஒருவர். இருவரும் அந்த வீட்டிலேயே உண்டு, அங்கேயே உறங்குகிறவர்கள். 1851 முதல், சொந்தமாகத் தொழில் நடத்துகிறவர் தன்னிடம் எத்தனை ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்பதையும் எழுத வேண்டும் என்ற விதி வந்தது. ‘தையற்காரர்’ என்ற ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் ‘ஆட்கள் 2, பழகுநர் 1’ என்று இருந்தால் அந்த வீட்டின் நிலைமை தெரிந்துவிடும். அடுத்த முறை அந்த இலக்கம் மறைந்திருந்தால் அதுவும் ஒரு செய்திதான்.

இத்தனை பேரும் எவ்வளவு இடத்தில் இருந்தார்கள்? 1861-ல் ஸ்காட்லாந்துப் படிவத்தில் புதிதாக ஒரு கேள்வி சேர்ந்தது: ஜன்னல் உள்ள அறைகள் எத்தனை? இங்கிலாந்துப் படிவத்தில் அன்று இந்தக் கேள்வி கிடையாது. பதில்களைக் கூட்டிப் பார்த்தபோது, நாட்டு மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஓரறை அல்லது ஈரறை வீடுகளில் வாழ்வது தெரிந்தது. கிராமத்து வீடு என்றால் பெரும்பாலும் இரண்டு அறை. முன்னறையில் அடுப்பு, சமையல், வேலை எல்லாம். உள்ளறை கொஞ்சம் மரியாதைக்கு. சுவரோடு சேர்த்து மரப்பெட்டி போல அடைத்த கட்டில்களில் படுப்பார்கள். ஏட்டில் ஒன்பது பெயர் எழுதி, கடைசிக் கட்டத்தில் ‘2’ என்று போட்டிருந்தால், படிக்கிறவர் அங்கே ஒரு நிமிஷம் நின்றுதான் போக வேண்டும்.

தையற்காரர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. அக்காலத்தில் ஸ்காட்லாந்தின் கிராமத் தையற்காரர்கள் பண்ணை வீடுகளுக்கே போய்த் தைப்பது வழக்கம். வீட்டில் நூற்று நெய்த துணியை எடுத்துக் கொடுப்பார்கள். அங்கேயே உட்கார்ந்து குடும்பம் முழுவதற்கும் தைத்துக் கொடுத்து, சாப்பாடும் சிறு கூலியும் பெற்றுக்கொண்டு அடுத்த பண்ணைக்குப் போவார்கள். கணக்கெடுப்பு இரவில் அப்படிப் போன இடத்தில் தங்கிவிட்டால், அவர் பெயர் அந்தப் பண்ணைக் கணக்கில் ஏறிவிடும். வீட்டில் மனைவி மட்டும் பிள்ளைகளோடு நிற்பாள். அவளை விதவை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. லைன் டியூட்டிக்குப் போன ரயில்வேக்காரர்களின் வீட்டம்மாக்களுக்கு இது நன்றாகப் புரியும்.

தாமஸ் மரேயின் மகன்

இனி ஒரு குறிப்பிட்ட வீட்டுக்குப் போவோம். ஸ்காட்லாந்தின் தென் எல்லையில் ராக்ஸ்பர்க்ஷயர் ஜில்லா. அங்கே கம்பளி உள்ளாடைகளுக்கும் காலுறைகளுக்கும் பெயர்பெற்ற ஹாயிக் நகரம். அதிலிருந்து ஐந்து மைல் தூரத்தில் டென்ஹாம் என்ற சிற்றூர். அங்கே தையல் தொழில் செய்துவந்தவர் தாமஸ் மரே. மனைவி மேரி ஸ்காட். 1837 பிப்ரவரி 7-ஆம் தேதி அவர்களுக்கு மூத்த மகன் பிறந்தான். பெயர் ஜேம்ஸ். பிற்காலத்தில் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியராகி, சர் பட்டம் பெற்ற ஜேம்ஸ் மரே இவர்தான். பிறந்த வருஷத்தின் புண்ணியத்தில், ஆறு கணக்கெடுப்பிலும் இவர் வயது நான்கில் முடியும். அந்த ஆறு இரவுகளையும் படிவ விதிகளோடு சேர்த்துப் பார்ப்போம்.

1841. வயது 4. இந்தக் கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள். 39 வயதுக்காரர் 35 ஆவார். சிறுவர்களுக்கு மட்டும் சரியான வயது. ஆகவே இந்த ஏட்டில் பெற்றோரைவிடப் பிள்ளைகளின் வயதுதான் நம்பத்தக்கது. யார் யாருக்கு என்ன உறவு என்று எழுதும் கட்டமும் அன்று இல்லை.

1851. வயது 14. உறவு, மணமானவரா என்ற விவரம், சரியான வயது, பிறந்த பாரிஷ் எல்லாம் இம்முறை உண்டு. படிக்கும் பிள்ளைக்கு எதிரே ‘மாணவர்’ என்று எழுதுவார்கள். ஜேம்ஸின் படிப்பு நின்றது இந்த 14 வயதில்தான். சம்பளம் கட்டிப் படிக்கவைக்கக் குடும்பத்தால் முடியவில்லை. ஸ்காட்லாந்தில் கட்டாயக் கல்விச் சட்டம் வர இன்னும் 21 ஆண்டுகள் இருந்தன. பையன் சும்மா இருக்கவில்லை. தானே மொழிகளைக் கற்றான், செடிகொடிகளையும் பாறைகளையும் ஆராய்ந்தான். மாடுகளை லத்தீனில் கூப்பிட்டுப் பழக்கப் பார்த்தான் என்று ஒரு கதையும் உண்டு.

1861. வயது 24. தையற்காரர் மகன் இப்போது ஹாயிக்கில் பள்ளித் தலைமை ஆசிரியர். 17 வயதில் உதவி ஆசிரியர், 20 வயதில் தலைமை ஆசிரியர் என்று ஏறிவிட்டார். இடையில் பெயரும் நீண்டிருந்தது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் ஸ்காட்லாந்திலும் உண்டு. மூத்த மகனுக்குத் தந்தையின் தந்தை பெயர், அடுத்தவனுக்குத் தாயின் தந்தை பெயர் என்று வரிசையே இருந்தது. அதனால் ஒரே ஊரில் ஒரே பெயர்க்காரர்கள் ஏராளம். ஹாயிக் வட்டாரத்தில் இருந்த மற்ற ஜேம்ஸ் மரேக்களிடமிருந்து தன்னைப் பிரித்துக் காட்ட, 1855-ல் இவர் ‘அகஸ்டஸ் ஹென்றி’ என்ற இரண்டு பெயர்களைத் தானே நடுவில் சேர்த்துக்கொண்டார். ஊருக்கு நாலு சுப்பிரமணியன் இருந்தால் இனிஷியலைப் பார்த்துத்தானே கண்டுபிடிக்கிறோம்?

1871. வயது 34. இப்போது ஏடே மாறிவிட்டது. அவர் இருப்பது லண்டனுக்கு வடக்கே மில் ஹில் பள்ளியில். ஊரை விட்டதற்குக் காரணம் ஆசை அல்ல, அவசியம். 1862-ல் மணந்த மனைவி மேகிக்கு உடல்நலம் கெட்டது, கைக்குழந்தையும் இறந்துபோயிற்று. குளிர் குறைந்த இடம் வேண்டும் என்று 1864-ல் வேலையை விட்டுவிட்டு லண்டனுக்குப் போய், ‘சார்ட்டர்ட் பாங்க் ஆஃப் இந்தியா’வில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். ஓர் ஆண்டுக்குள் மனைவியும் போய்விட்டார். 1867-ல் ஏடா ரத்வென் என்பவரை மணந்தார். பதினொரு குழந்தைகள் பிறந்தன. பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் கணக்கெடுப்பில் மேகி அவருடைய மனைவியாக ஒருமுறைகூட எண்ணப்படவில்லை. 1861-க்குப் பிறகு வந்து, 1871-க்கு முன் போய்விட்டார்.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஸ்காட்லாந்து ஏட்டில் பிறந்த பாரிஷின் பெயரே கேட்கப்பட்டது. ஆனால் இங்கிலாந்து ஏட்டில், ஸ்காட்லாந்தில் பிறந்தவர் ‘ஸ்காட்லாந்து’ என்று எழுதினால் போதும் என்பது விதி. எல்லையைத் தாண்டியதும் ஊர் போய்விட்டது, நாடுதான் மிஞ்சியது. எட்டயபுரத்துக்காரரும் ஆம்பூர்க்காரரும் விந்திய மலையைத் தாண்டியதும் ஒரே ‘மதராஸி’ ஆகிவிடுவதை நாம் அனுபவித்தவர்கள். அந்தக் கட்டத்தை நிரப்பிய குமாஸ்தாவை எனக்கு நன்றாகத் தெரிந்ததுபோல் இருக்கிறது.

1881. வயது 44. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அகராதியின் ஆசிரியர் பொறுப்பை ஏற்றாயிற்று. வீட்டுத் தோட்டத்தில் இரும்புத் தகட்டால் ஒரு கொட்டகை போட்டு, அதில் சொற்களுக்கான சீட்டுகளை அடுக்கினார். ஊர் ஊராக வாசகர்கள் எழுதி அனுப்பிய சீட்டுகள் மூட்டை மூட்டையாக வந்தன. குழந்தைகளும் சீட்டுகளைப் பிரித்து அடுக்கினார்கள். தையற்காரர் வீட்டைப் போலவே இங்கும் வீடும் பட்டறையும் ஒன்றாகத்தான் இருந்தன.

1891. வயது 54. ஆக்ஸ்போர்டில் குடியேறி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அகராதியில் ‘சி’ எழுத்துக்குரிய சொற்கள் அச்சாகிக்கொண்டிருந்த காலம். நம் கட்டுமரமும் சுருட்டும் ஆங்கில வடிவம் எடுத்து ‘சி’ எழுத்தில்தான் வருகின்றன. அந்தப் பகுதிக்கு ஆசிரியர் மரேயே. 1915-ல் அவர் இறந்தார். அகராதி முழுமையடைந்தது 1928-ல்.

டென்ஹாமிலிருந்து நம் பக்கம் வந்தவரும் ஒருவர் உண்டு. அதே ஊரில் 1775-ல் பிறந்த ஜான் லெய்டன் என்ற கவிஞர், மருத்துவராக 1803-ல் சென்னையில் வந்து இறங்கி, கீழ்த்திசை மொழிகளைக் கற்று, 1811-ல் ஜாவாவில் இறந்தார். டென்ஹாம் ஊர்ப் புல்வெளியில் அவருக்கு ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது.

ஏட்டில் ஏறாதவை

இனி ஏடு சொல்லாத விஷயங்கள். முதலாவது, பெண்களின் உழைப்பு. கணவனுக்கோ தகப்பனுக்கோ தொழிலில் உதவும் மனைவி, மக்களின் தொழிலை, அவர்கள் கூலி வாங்காவிட்டால், எழுத வேண்டியதில்லை என்று 1841-ன் விதியே சொல்கிறது. தையற்காரர் மனைவி பொத்தான் தைத்திருப்பாள், ஓரம் மடித்திருப்பாள், பழக வந்த பையன்களுக்கும் சேர்த்துச் சமைத்திருப்பாள். ஏட்டில் அவளுக்கு எதிரே வெறும் கோடு. பிந்தைய ஏடுகளில் சில இடங்களில் ‘தையற்காரர் மனைவி’ என்று எழுதினார்கள். அதுவும் கணவனின் தொழில்தான்.

என் தாத்தா புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் கொல்லர். ஏர்க்கொழு அடித்தவர் அவர் என்றுதான் ஊர் சொல்லும். துருத்தி இழுத்தது என் அப்பாயி. நெருப்பு இல்லாமல் கொழு ஏது?

இரண்டாவது, மொழி. 1881-ல் ஸ்காட்லாந்தில் மொழி பற்றிய கேள்வி வந்தது. ஆனால் கேட்டது மலைநாட்டில் வழங்கிய கேலிக் மொழியைப் பற்றி மட்டும். டென்ஹாம் வீட்டில் பேசியது ஸ்காட்ஸ். அதை ஆங்கிலத்தின் கொச்சை என்று ஒதுக்கியவர்கள் பலர். அந்த மொழியைப் பற்றி அரசாங்கம் முதன்முதலாகக் கேட்டது 2011 கணக்கெடுப்பில். ஆனால் தையற்காரர் மகன் அதுவரை காத்திருக்கவில்லை. தன் தென் வட்டாரப் பேச்சின் ஒலியையும் இலக்கணத்தையும் ஆராய்ந்து 1873-லேயே ஒரு நூல் வெளியிட்டுவிட்டார். பிறந்த ஊரை ஏட்டிலிருந்து எடுத்துவிட்டாலும் அவர் வாயிலிருந்து எடுக்க முடியவில்லை.

மூன்றாவது, மாறுதலின் காரணம். ஹாயிக்குக்கு ரயில் வந்தது 1849-ல். 1862-ல் அது கார்லைல் வரை நீண்டது. ரயில் வந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். பட்டணத்துத் துணியும் தைத்த உடுப்பும் கிராமத்துக்கு வரும்; கிராமத்துப் பிள்ளைகள் அதே வண்டியில் பட்டணம் போவார்கள். பின்னால் தையல் இயந்திரமும் வந்தது. சிங்கர் கம்பெனி 1880-களில் ஸ்காட்லாந்தின் கிளைட்பாங்கில் பிரம்மாண்டமான தொழிற்சாலை கட்டியது. நம்மூர்த் தையற்கடைத் திண்ணைகளில் நாம் பார்த்த பழைய சிங்கர் மெஷின்களில் பல அங்கிருந்து கப்பலேறி வந்தவை. கிராமத்து ஏடுகளில் பழகுநர் பையன்கள் குறைந்து, வயதான தொழிலாளிகள் தனியே நிற்பதைப் பிந்தைய ஆண்டுகளில் காண்கிறோம். 1891-ல், ஆள் வைத்து வேலை வாங்குகிறவரா, கூலிக்குச் செய்கிறவரா, தனியாகச் செய்கிறவரா என்றே ஒரு கேள்வி கேட்டார்கள். ஏன் தனியானார் என்று கேட்கவில்லை. அந்த ஹாயிக் ரயில் பாதையும் 1969-ல் மூடப்பட்டது. வடக்குப் பகுதி மட்டும் ட்வீட்பாங்க் வரை 2015-ல் மீண்டும் திறந்தது.

நம் ஏட்டை யார் எழுதுவது?

ஸ்காட்லாந்துக் கிராமத்துத் தையற்காரரின் கொள்ளுப்பேரன் இன்று கனடாவில் உட்கார்ந்துகொண்டு, சிறு கட்டணம் செலுத்தி, அரசாங்கத்தின் இணையதளத்தில் அந்தப் பக்கத்தின் படத்தையே பார்க்கலாம். நம் பேரன்களுக்கு அந்த வசதி கிடையாது. இந்தியாவில் நாடு முழுவதும் ஒரே சமயத்தில் கணக்கெடுப்பது 1881-ல் தொடங்கியது. தாய்மொழி எது என்ற கேள்வியும் அன்றே கேட்கப்பட்டது. அந்த வகையில் நாம் ஸ்காட்லாந்தைவிட முந்தி. ஆனால் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவின்படி நம் தனிநபர் விவரங்களை யாரும் பார்வையிட முடியாது. நூறு ஆண்டு கழித்துத் திறப்பது என்ற ஏற்பாடும் இல்லை. அந்தரங்கம் காப்பதற்காகச் செய்தது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் பலன் என்னவென்றால், எண்ணிக்கையில் நாம் இருப்போம், பெயரில் இருக்க மாட்டோம்.

ஆகவே அந்த வேலையை வீட்டிலேயே செய்வதுதான் வழி. 2021-ல் நடந்திருக்க வேண்டிய நம் கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாகக் கொண்டு நடக்கும் என்று 2025-ல் அறிவிப்பு வந்தது. கணக்கெடுப்பாளரிடம் பதில் சொல்லும்போதே ஒரு நோட்டுப் புத்தகத்திலும் அதை எழுதிவைக்கலாம். பெயர், உறவு, வயது, தொழில், பேசும் மொழி. பிறந்த இடத்துக்கு எதிரே ‘தமிழ்நாடு’ என்று மொட்டையாக எழுதாமல், ஊர், தாலுகா வரை எழுத வேண்டும். அதற்கு மேலே, நினைவு தெரிந்த வரை தாத்தா பாட்டி தலைமுறைக்கும் ஆளுக்கு ஒரு வரி. வீட்டில் எண்பது வயதுப் பெரியவர் இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். இங்கே பிறந்து, தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பேரப் பிள்ளைகளையே எழுதச் சொல்லலாம். அவர்களுக்கு ஊர்ப் பெயர்களும் பழகும்.

நான் என் நோட்டில் ஆரம்பித்துவிட்டேன். தாத்தா: குடும்பத் தலைவர், கொல்லர், சொந்தப் பட்டறை, ஆள் வைத்துக்கொள்ளவில்லை. அதற்கு அடுத்த வரியில் அப்பாயி. தொழில் என்ற கட்டத்தில் கோடு போடவில்லை. ‘கொல்லர், துருத்தி வேலை’ என்று எழுதியிருக்கிறேன்.